சொந்தக் கருவி சரி, பிடிவாதம் எதற்கு?

தான் விற்கும் மென்பொருள் கருவியில் தானே வேலை செய்யாத நிறுவனத்தை நம்பாதீர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், பாதி சரி. நான் முன்பு இருந்த கம்பெனி படிவம் தயாரிக்கும் மென்பொருள் விற்றது, ஆனால் எங்கள் லீவு விண்ணப்பம் எக்செல்லில்தான்! தேதிப் பெட்டியில் 31 போட்டால் தொங்கிவிடும் என்பதையே வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

மைக்ரோசாஃப்ட், புரோகிராம் எழுத உதவும் தன் விஷுவல் ஸ்டுடியோ 2010 மென்பொருளின் எடிட்டரை, திரைத் தோற்றம் அமைக்கும் தன்னுடைய டபிள்யூபிஎஃப் கருவியிலேயே புதிதாக எழுதியது. சோதனைப் பதிப்பில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பலரும் புலம்ப, அப்புறம்தான் டபிள்யூபிஎஃப் 4-இல் எழுத்துக் காட்டும் முறையையே சீர்செய்தார்கள், அதனால் மற்ற புரோகிராமர்களுக்கும் லாபம்.

ஆனால் இதையே விதியாக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியின் கம்பைலர் (எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து மாற்றித் தரும் மென்பொருள்) பல வருடம் டைப்ஸ்கிரிப்டிலேயே இருந்தது, வேகம் போதவில்லை. 2025 மார்ச்சில் அதைக் கூகுளின் கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தவர் யார் தெரியுமா? மைக்ரோசாஃப்டின் இன்னொரு மொழியான சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்! வீட்டிலேயே சி ஷார்ப் இருக்க, பக்கத்து வீட்டுக் கருவியை எடுத்தார். ஏன் சி ஷார்ப் இல்லை என்று அப்போது நிறையப் பேர் கோபப்பட்டார்கள், எனக்கென்னவோ அது நேர்மையான முடிவாகத்தான் பட்டது.