வேப்ப எண்ணெய் கரையான் கூட்டை அழிக்காது, அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம்

புத்தக அலமாரியின் பின்பலகையில் கரையான் மண்கோடு ஏறியிருந்ததைப் பார்த்ததும் வேப்ப எண்ணெயை பிரஷ்ஷில் தொட்டு முழுக்கப் பூசினேன். கோடு நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கதவு நிலையில் ஏறியிருக்கிறது! அன்றைக்கு எண்ணெய் மேல் கோபம் வந்தது. ஆனால் எண்ணெய் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. விரட்டியது. கரையான் எங்கே போகிறது என்று நான்தான் பார்க்கவில்லை.

விரட்டுவதற்கும் கூட்டையே அழிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் மாதிரி ரசாயனங்கள் மண்ணில் இருப்பதே கரையானுக்குத் தெரியாது. அதன் வழியாக நடந்து போய், வாய்க்கு வாய் ஊட்டும்போதும் ஒன்றையொன்று நக்கும்போதும் விஷத்தைக் கூட்டுக்குள் பரப்பிவிடும். வேம்பு, கிராம்பு, வெட்டிவேர் எண்ணெய்களின் வாசனை அப்படியல்ல, தூரத்திலேயே எச்சரித்துவிடும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிப்பையும் குலைக்கும். ஆனால் வெயில் பட்டால் சில நாளிலேயே சிதைந்துவிடும்.

அப்படிச் சிதைவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கரையானுக்கென்று காலங்காலமாக மண்ணில் ஊற்றிய குளோர்டேன், ஹெப்டாகுளோர், ஆல்ட்ரின், டைஎல்ட்ரின் நான்கும் நெடுநாள் அழியாத நச்சுப்பொருட்களை ஒழிக்க 2001-இல் நாடுகள் கையெழுத்திட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றவை. மண்ணிலும் உடல் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியதுதான் காரணம். பத்திருபது வருடம் அழியாத ஒன்றை, குழந்தைகள் தவழும் தரைக்கு அடியில் ஊற்ற எனக்கு மனம் வராது.

தாவரச் சாறுகளுக்குச் சரியான இடம் மரம்தான். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. அதே மரத்தின் வெளிறை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்ந்த வெளிப்பகுதியை, தின்றுவிடும். வைரத்தில் ஊறியிருக்கும் டெக்டோகுவினோன் போன்ற பொருட்கள்தான் இதற்குக் காரணம். வெட்டிவேரில் இருக்கும் நூட்காட்டோனும் கரையானை விரட்டுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயைப் படகுக் கட்டைகளுக்குப் பூசுவது பழைய வழக்கம். பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, முக்கியமாக வெட்டுமுனைகளில், நன்றாக ஊறவிட்டால் பலன் கிடைக்கும். கரையான் ஏறிய பிறகு மேலே தெளிப்பதை நம்பாதீர்கள்.

இன்னொன்று. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. புகையிலையின் நிகோடின் மனிதரையே கொல்லும். சில செடி வேர்களில் கிடைக்கும் ரோட்டினோன் குளத்து மீனையெல்லாம் கொன்றுவிடும். "இயற்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே என்ன, எவ்வளவு என்று எழுதாத பாட்டிலை நான் வாங்குவதில்லை. வேப்ப எண்ணெய் என்றால் அசாடிராக்டின் அளவு லேபிளில் இருக்க வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கூடு வீட்டுக்கு அடியிலேயே இருந்தால், எண்ணெயோடு மல்லுக்கட்டாமல் தேர்ந்த ஆளைக் கூப்பிடுங்கள். அப்போதும் வீடு முழுக்க மருந்து ஊற்றச் சொல்லாமல், இரைப் பெட்டி (கரையான் தின்று கூட்டுக்குக் கொண்டுபோகும் விஷ இரை வைத்த பெட்டி) வைக்க முடியுமா என்று கேளுங்கள். கசியும் குழாயை முதலில் சரிசெய்யுங்கள், ஈரம் இருந்தால் கரையான் திரும்பத் திரும்ப வரும். அப்புறம், மண்கோட்டைப் பார்த்தவுடன் துடைத்துவிடாதீர்கள். அது எங்கிருந்து தொடங்குகிறது என்று டார்ச் அடித்து அடிவரைக்கும் பாருங்கள்.