ஊசிக்காரரிடம் போகலாமா?

"பீரியட்ஸ் வலிக்கு அக்குபங்சர் போகலாமா?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. நான் மருத்துவர் இல்லை. பதினாலு வயதிலிருந்து மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு கிடந்தவள். என் தகுதி அவ்வளவுதான்.

ஊசிக்காரரிடம் என்னைத் துரத்தியது சீன மருத்துவத்தின் மேலிருந்த நம்பிக்கை இல்லை, டாக்டர்கள் மேல் வந்த கசப்பு. "எல்லாருக்கும் வர்றதுதானேம்மா." "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்." நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடும்.

அக்குபங்சர் அறையில் அந்த அம்மா முதல் நாளே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். ரத்தம் என்ன நிறம், கட்டி கட்டியாகப் போகிறதா, வலி முதலில் வருகிறதா ரத்தமா, வயிற்றை அழுத்திப் பிடித்தால் இதமாக இருக்கிறதா அல்லது தொட்டாலே ஆகாதா, வெந்நீர்ப் பை வைத்தால் குறைகிறதா. நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஒரு ஊசிகூடக் குத்தவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கேட்டதெல்லாம் ஒப்புக்கு இல்லை. ஓட்டம் தடைப்பட்ட இடத்தில்தான் வலி என்பது அவர்கள் கணக்கு. அழுத்தினால் வலி கூடினால் தேக்கம், இதமாக இருந்தால் பலவீனம், சூடு வைத்தால் குறைந்தால் உள்ளே குளிர்ச்சி. இந்தக் கணக்கை உடற்கூறியல் ஏற்றுக்கொள்ளாது, நானும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் 7-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ் தன் மருத்துவத் தொகுப்பில் பெண்களுக்கான மருந்துகளை முன்வரிசையில் வைத்தார் என்று படித்தபோது, கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஊசி பெரிதாக வலிக்காது. முடி போல மெல்லியது. உள் கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே சான்யின்ஜியாவ் என்ற புள்ளி இருக்கிறது. மாதவிடாய்க் கோளாறு என்றால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள். குத்திய இடத்தில் ஒரு கனம் பரவும், அது வந்தால்தான் ஊசி பிடித்தது என்பார்கள். (கர்ப்பமாக இருந்தால் அந்தப் புள்ளியைத் தொடமாட்டார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) மூன்றாவது மாதத்தில் என் மாத்திரைக் கணக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

ஊசியாலா, அந்த முக்கால் மணி நேரப் பேச்சாலா? ஆராய்ச்சிக்காரர்களையும் இந்தக் கேள்விதான் படுத்துகிறது. மாதவிடாய் வலிக்கு அக்குபங்சர், அக்குபிரஷர் பற்றி 42 ஆய்வுகளையும் 4,640 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2016 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பு, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான தரமான ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது. மாத்திரை விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கருப்பையை இறுக்கிப் பிழிவது உடலே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம். மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் டாக்டர் சொன்ன அளவில், வலி தொடங்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு உச்சத்தில் போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

ஊசிக்காரர்கள் சிலர் வலியைத் தாண்டி, குழந்தை பிறக்கும் என்றுகூட வாக்குறுதி கொடுக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம். சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருந்து குழந்தைக்காகக் காத்திருந்த 1,000 பெண்களை வைத்து சீனாவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. நிஜ ஊசி போட்டவர்களில் 100-க்கு 22 பேருக்குக் குழந்தை பிறந்தது. பேருக்கு மேலோட்டமாகக் குத்திய போலி ஊசிக்கும் அதே 22 பேர்தான். அதே பெண்களை மாத்திரை வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீனுக்கு 29, வெற்று மாத்திரைக்கு 15. சொந்த மண்ணிலேயே ஊசி தோற்றது, அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். நம் இன்பாக்ஸுக்கு வரும் விளம்பரங்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

வென்ற இடத்தையும் சொல்ல வேண்டும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும் 504 பெண்களுக்கு கீழ் முதுகில் மின்சாரம் இணைத்த ஊசியை ஆறு வாரத்தில் 18 தடவை போட்டுப் பார்த்த இன்னொரு சீன ஆய்வும் அதே 2017-இல் வந்தது. கசிவு சராசரியாக 9.9 கிராம் குறைந்தது, போலி ஊசியில் 2.6 கிராம்தான். இது உருப்படியான வித்தியாசம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு நாப்கினோடு நாளை ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் அதற்கு முதல் வைத்தியம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சீன மூலிகைப் பொட்டலத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான்: பெயர் தெரியாததை விழுங்காதீர்கள். பெண்களுக்கென்றே கொடுக்கும் டாங்குய் வேர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது. அதில் கலந்திருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம், அதுவும் செடியிலிருந்து வந்ததுதான்.

என் கதைக்கு வருகிறேன். ஆறாவது மாதம் அதே அம்மா, "ஸ்கேன் எல்லாம் எதுக்கு, எது இருந்தாலும் தானா கரைஞ்சிடும்" என்றார். வலி குறைந்திருந்ததால் நானும் தலையாட்டினேன். அடுத்த ஒரு வருஷத்தில் வலி இடம் மாறி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வர ஆரம்பித்தது. இந்த முறை வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது, ஊசிக்கார அம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அவர் முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அந்த நாட்கள்ல மலம் போகும்போதும் வலிக்குமா?"

வலிக்கும். பதினெட்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. அன்றைக்கே ஸ்கேன். இடது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ்.

இப்போது ஹார்மோன் மாத்திரை, கூடவே மாதம் இரண்டு முறை ஊசி. ஊசிக்கு வேறொருவரிடம் போகிறேன். என் கண் முன்னால் புது ஊசிப் பாக்கெட்டைப் பிரிப்பவர். முதல் நாளே ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டியை நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வலியை வேணா பார்க்கலாம்" என்றார்.

அதனால்தான் அவரிடம் போகிறேன்.