அந்தக் கடிதத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

நான் அவ்வப்போது பேட்ச் (கோடில் செய்யும் சின்னத் திருத்தம்) அனுப்பும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டத்தில் இரண்டு வாரமாகப் பஞ்சாயத்து ஓடுகிறது. வருடக்கணக்கில் மெயின்டெய்னராக, அதாவது அதைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் மனிதரை விலகச் சொல்லி ஒரு கடிதம் சுற்றுகிறது. பேட்ச் அனுப்பினால் மாதக்கணக்கில் பதில் இல்லை, வந்தாலும் சுள்ளென்று வருகிறது, வேறு யாருக்கும் கமிட் உரிமை (மாற்றத்தை நேரடியாகச் சேர்க்கும் உரிமை) தருவதில்லை. மூன்றும் உண்மை. பொங்கல் லீவில் உட்கார்ந்து நான் அனுப்பிய பேட்ச் ஆடி பிறந்தும் அப்படியே கிடக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று இன்பாக்ஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்ல முடியாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

2012. உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் சித்தி மகள் கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலின் கட்டளையை அடித்ததும் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இந்த நிரல் காலாவதியாகிவிட்டது, சீக்கிரம் நீக்கப்படும், இனி ஏவிகான்வ் பயன்படுத்துங்கள். அட, இதன் கதை முடிந்துவிட்டது போல என்று நம்பி, வைத்திருந்த ஸ்கிரிப்ட்டை எல்லாம் உட்கார்ந்து மாற்றினேன்.

கதை முடியவே இல்லை. என் கணினியில் அந்தப் பெயரில் இருந்தது பிரிந்து போன பங்காளியின் நிரல். அண்ணன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு தம்பி கடை நடத்தி, வருகிறவர்களிடமெல்லாம் "அண்ணன் கடையை மூடிட்டாரு" என்று சொன்ன மாதிரி.

நடந்தது இதுதான். எஃப்எஃப்எம்பெக்கை 2000இல் தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார். அவருக்குப் பிறகு பல வருடம் மைக்கேல் நீடர்மையர் தலைமையில் ஓடியது. வீடியோ என்று எதைத் தொட்டாலும் அடியில் இந்தக் கோட் இருக்கும். விஎல்சி பிளேயரே இதன் லைப்ரரியை நம்பித்தான் இருக்கிறது. 2011 ஜனவரியில், திட்டத்தில் தீவிரமாக இருந்த பலர் சேர்ந்து, இனி நிர்வாகம் எங்கள் கையில் என்று அறிவித்தார்கள். ஒரே மனிதர் கையில் முடிவு இருக்கிறது, ரெவ்யூ (இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது) இல்லாமல் கோட் உள்ளே போகிறது, நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்பவை குறைகள். எங்கள் கடிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான், ஊர் பெயர்தான் மாறியிருக்கிறது.

பழைய பெயர் புதிய அணிக்குக் கிடைக்கவில்லை. மார்ச்சில் லிபாவ் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் (டிஸ்ட்ரோ) அந்தப் பேக்கேஜைக் கவனித்துவந்தவர் லிபாவ் பக்கம். அதனால் டெபியனும், அதைப் பின்பற்றும் உபுண்டுவும் லிபாவைத்தான் எடுத்துக்கொண்டன. ஏவிகான்வ் லிபாவின் நிரல். என் டெர்மினலில் வந்த எச்சரிக்கையின் ரிஷிமூலம் அது.

இதைப் பார்த்த யாரும் நீடர்மையர் அவ்வளவுதான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆள்பலம், ரெவ்யூ ஒழுங்கு, பெரிய டிஸ்ட்ரோக்களின் ஆதரவு எல்லாம் அந்தப் பக்கம். அவர் செய்தது, சொல்லப்போனால், அலுப்பூட்டும் வேலை. லிபாவில் வரும் மாற்றங்களை எல்லாம் நாள் தவறாமல் எடுத்துத் தன் ரெப்போவில் (கோட் வைக்கும் கிடங்கு) மெர்ஜ் செய்தார். அவர்கள் செய்ததும் இங்கே இருக்கும், இங்கே செய்தது கூடுதலாகவும் இருக்கும். வருடக்கணக்கில் இப்படியே. கூகுளின் பாதுகாப்பு ஆட்கள் இந்தக் கோட்டை ஃபஸ்ஸிங் (தாறுமாறான கோப்புகளைக் கொடுத்து உடைகிறதா என்று பார்ப்பது) போட்டுத் துருவி எடுத்ததை 2014 ஜனவரியில் எழுதினார்கள்: அதன் விளைவாக எஃப்எஃப்எம்பெக்கில் ஆயிரத்துக்கும் மேல் திருத்தங்கள், லிபாவில் 400 சொச்சம். பக் ரிப்போர்ட் இரு பக்கமும்தான் போயிருக்கிறது. யார் உட்கார்ந்து அதிகம் சரிசெய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2015இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. லிபாவ் மெல்ல அடங்கிப்போனது.

"பார்த்தியா, தனி மனிதன் ஜெயிச்சான்" என்று இதைச் சொல்கிற ஆட்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. அதே 2015 ஜூலை கடைசியில் நீடர்மையர் தலைமையிலிருந்து தானே விலகினார். நான் விலகினால் இரண்டு அணியும் ஒன்று சேர வழி பிறக்கும் என்ற நம்பிக்கையோடு. ஜெயித்தவன் இறங்கிப் போகிற காட்சி அது. லிபாவ்காரர்கள் சொன்ன குறைகளிலும் நியாயம் இருந்தது. ஒருவர் அனுப்புவதை இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? அவர்கள் தோற்ற இடம் வேறு. சாவிக்கொத்தை வாங்கினால் வீடு நடந்துவிடும் என்று நினைத்தார்கள். சாவி இடுப்பில் இருக்கிறது, விடிந்தால் வாசல் தெளிப்பது யார்?

இன்னொரு கதை இதைவிடக் கலவரமானது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவி. லாஸ்ஸே கோலின் என்பவர் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் முன்பின் தெரியாத சிலர் வந்து, வேலை நகரவில்லை, வேறு மெயின்டெய்னரைப் போடுங்கள் என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். மனநிலை சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். நச்சரிப்பு நிற்கவில்லை. பக்கத்திலேயே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் வேலை செய்துகொண்டு. பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போனது. 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டியதில் விஷயம் வெளியே வந்தது. எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். நச்சரித்த பெயர்களும் அதே கூட்டத்தின் வேஷம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள்.

இதைச் சொன்னதும் குழுவில் ஒரு தம்பி, "அப்போ எங்களைத் திருடன்னு சொல்றீங்களா அண்ணா?" என்று கோபித்துக்கொண்டார். இல்லப்பா. களைத்துப்போன ஒருத்தரை நெருக்கினால் அவர் சாவியைச் சரியான ஆளிடம்தான் கொடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக நாற்காலியில் இருப்பவர் சாகும்வரை இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. பைதான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில், ஒரு சின்ன தொடரியல் மாற்றத்தை வைத்து நடந்த சண்டையில் மனம் வெறுத்துப் பொறுப்பை விட்டபோது வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. எப்படி நடத்துவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றுவிட்டார். அவர்கள் மாதக்கணக்கில் பேசி, பல திட்டங்களை எழுதி, ஓட்டுப் போட்டு, 2019இல் ஐந்து பேர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே கம்பெனி ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்றும் விதி. முதல் குழுவில் கைடோவும் ஒருவர், ஐந்தில் ஒரு ஓட்டோடு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் பைதானிடம் வேலை தெரிந்த ஆட்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். நம்மிடம்?

கடிதத்தில் பதினேழு கையெழுத்து. ரெப்போவைத் திறந்து பார்த்தேன். பதினேழு பேரில், போன ஒரு வருடத்தில் அடுத்தவர் பேட்சைப் படித்து ஒரு வரியாவது எழுதியவர்கள் மூன்று பேர். (நான் அந்த மூன்றிலும் இல்லை, பதினேழிலும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.) பதில் வராமல் கிடக்கும் பேட்ச் 64. ஒன்றைப் படிக்க ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அந்த மனிதர் வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் திறக்கிறார். பதில் சுள்ளென்று வராமல் எப்படி வரும்?

அதனால் கடிதத்துக்குப் பதிலாக நேற்று குழுவில் ஒன்று கேட்டேன். மூன்று மாதம், ஆளுக்கு வாரம் இரண்டு பேட்ச். கமிட் உரிமை வேண்டாம், படித்துக் கருத்து மட்டும் எழுதுங்கள். அது முடிந்ததும், ஒழுங்காகச் செய்தவர்கள் பெயரோடு அவரிடம் போய் உரிமை கேட்போம். அப்போதும் மறுத்தால் ஃபோர்க் செய்யலாம் (கோடை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து நடத்தலாம்), நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

இதுவரை பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று கோபித்துக்கொண்ட அந்தத் தம்பி.