எங்கள் அரை மணி நேரத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓய்வு பெற்றோர் மன்றத்தின் மாதக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பியபோது வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. காலை 10.30 மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் 11.20-க்கு வந்து சேர்ந்தார். தாமதத்துக்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து 11.45-க்கு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தவர், 'முதுமையை இனிமையாக்குவது எப்படி' என்று 1.05 வரை விடாமல் பேசினார். அவருக்கு மிஞ்சிப்போனால் நாற்பது வயது இருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இளையவருக்கு 61, மூத்தவருக்கு 88.

அவர் பேசி முடித்தபோது ஃபிளாஸ்க்கில் இருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. மதிய உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியவர்களும், மகனோ மருமகளோ வந்து அழைத்துப்போக வேண்டியவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசுகிற அந்த அரை மணி நேரம், நாங்கள் மாதம் முழுவதும் காத்திருக்கிற அந்த அரை மணி நேரம், இந்த முறையும் கிடைக்கவில்லை. தொடர்ந்து நான்காவது மாதமாக இது நடக்கிறது.

எங்கள் மன்றம் திருச்சி பொன்மலைப் பக்கம் இருக்கிறது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் இருந்தவர்கள், 'பெல்' தொழிற்சாலையில் கொதிகலன் வெல்டிங் செய்தவர்கள், அஞ்சல் துறையினர், பள்ளி ஆசிரியர்கள் என்று ஆண்கள் மட்டுமே உறுப்பினர்கள். மனைவியை இழந்தவர்கள் பாதிக்கு மேல். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, நாள் முழுவதும் தொலைக்காட்சியைத் தவிர வேறு குரல் கேட்காமல் இருப்பவர்கள் இவர்களில் பலர். பெண்கள் கோயிலிலும் வாசலிலும் அடுத்த வீட்டிலும் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் வேலை, வீடு என்று இருந்துவிட்ட ஆணுக்குப் பேசுவதற்கு ஓர் இடமும், கையில் ஒரு தேநீர்க் குவளையும், எதிரே தன் வயதொத்த ஒருவரும் வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் மன்றம் தொடங்கினோம். சிறப்புரை என்பது நடுவில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரத்தில் நடப்பவற்றை வெட்டிப்பேச்சு என்று யாராவது நினைத்தால் அது பெரும் தவறு. போன மாதம் வந்தவர் இந்த மாதம் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். ஒருவருக்கு ஆஞ்சியோ செய்திருக்கிறார்கள் என்பதும், இன்னொருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் என்பதும் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன. நவம்பர் வந்தால் ரயில்வே, அஞ்சல் துறை ஓய்வூதியர்கள் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுத்துவிடலாம் என்றாலும், கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு அதை யார் செய்து கொடுப்பது? எங்களில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் ஒவ்வொருவராக உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பொறுமையாகச் செய்து தருவார். சென்ற நவம்பர் கூட்டத்தில் ஒரு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தன் வெளிநாட்டுப் பயண அனுபவங்களைச் சொல்லித் தீர்த்ததில் அதுவும் நடக்கவில்லை. ஏழு பேர் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர்.

வருகிறவர்கள் எங்களை யார் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. நிதி ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். பரஸ்பர நிதியில் மாதம் பத்தாயிரம் ரூபாய் போட்டுக்கொண்டே வந்தால் பத்து ஆண்டுகளில் எவ்வளவு ஆகும் என்று திரையில் வரைபடம் காட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கி மருந்துக்கே பற்றாமல் இருக்கிற மனிதரிடம் மாதம் பத்தாயிரம் போடச் சொல்வதற்கு எவ்வளவு அக்கறையின்மை வேண்டும்! பேசப்போகும் அவையில் இருப்பவர்கள் யார் என்று செயலாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தால் போதுமே. ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறோம் என்று எல்லோருடைய கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மூன்று மாதங்கள், முழு உடல் பரிசோதனைக்கு வரச் சொல்லி எங்களை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசு கொடுத்து, எங்கள் சந்தாப் பணத்தில் வரவேற்றதற்குக் கிடைத்த கைம்மாறு அதுதான்.

கடந்த ஞாயிறன்று நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களில் பலருக்குப் புராஸ்டேட் தொல்லை உண்டு. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாது. 82 வயது நண்பர் ஒருவர் மெல்ல எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தபோது, விருந்தினர் பேச்சை நிறுத்தி, ஒலிபெருக்கியிலேயே, "பெரியவருக்கு அதுக்குள்ள போரடிச்சிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். சிலர் உடன் சிரித்தார்கள். அந்த நண்பர் நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார். திரும்பி வந்தபோது தன் இடத்துக்கு வராமல் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முதுமையை இனிமையாக்குவது பற்றி விருந்தினர் அதற்குப் பிறகும் அரை மணி நேரம் பேசினார்.

இன்னொருவர் 76 வயதுக்காரர், பணிமனையில் டர்னராக இருந்தவர். அவருடைய தாத்தா 1928-இல் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது இங்கே வந்தவர். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு வேலையிழந்து, 1977-இல் ஆட்சி மாறிய பிறகே மீண்டும் பணியில் சேர்ந்தவர் இவர். அந்தப் பணிநீக்க ஆணையையும், உடன் சிறையில் இருந்தவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தையும் வீட்டுப் பரணில் தேடிக் கண்டெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் என்னிடம், "சார், டீ குடிக்கறப்ப எல்லாருக்கும் காட்டணும். அதுல மூணு பேர் நம்ம மன்றத்துலயே இருக்காங்க" என்றார். கூட்டம் நடந்த நேரம் முழுவதும் அந்தப் பை அவர் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு அவருடைய பேரன் வாசலில் வண்டியை நிறுத்தி ஒலியெழுப்பினான். பையைத் திறக்காமலேயே அவர் போய்விட்டார்.

மேடையில் பேசியவர் சொன்ன ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அந்தப் புகைப்படத்தில் இருக்கும் மூன்று பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நல்ல விருந்தினர்கள் வராமல் இல்லை. சென்ற ஆண்டு இணையக் குற்றப் பிரிவிலிருந்து ஒரு பெண் காவல் உதவி ஆய்வாளர் வந்தார். 10.25-க்கே வந்து நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து எல்லோரையும் விசாரித்தார். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு கைப்பேசியில் அழைத்து, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதைப் பேசியே காட்டினார். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள் என்று எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். இருபத்தைந்தே நிமிடங்கள். பிறகு தேநீரை வாங்கிக்கொண்டு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். தன்னை மிரட்டி நாற்பதாயிரம் ரூபாய் பறித்ததைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஓர் உறுப்பினர், அன்றைக்குத்தான் அவரிடம் வாய் திறந்தார். மேடையைப் பார்த்து அதை அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே, எனக்கு விருந்தினர்கள் மீது இருக்கிற கோபத்தைவிட எங்கள் நிர்வாகிகள் மீது இருக்கிற கோபம் அதிகம். வருகிறவரிடம் நேரத்தைச் சொல்லத் தயக்கம். துண்டுச்சீட்டு கொடுத்தால் அவர் மனம் புண்படுமாம். 82 வயது மனிதரின் மனம் புண்பட்டபோது மேடையில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் எழுந்து நின்று கேட்கத் தோன்றவில்லையே! நாளிதழில் ஒரு படம் வரவேண்டும், அடுத்த விருந்தினர் இன்னும் பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்ற நினைப்பில், மன்றம் யாருக்காக நடக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சிறப்புரை முப்பது நிமிடங்களுக்கு மேல் போகக்கூடாது, விருந்தினர் வரத் தாமதமானால் அவருக்காகக் காத்திருக்கக்கூடாது, எதையும் விற்க வருகிறவர்களை அழைக்கவே கூடாது என்று மூன்று கோரிக்கைகள் வைத்திருக்கிறேன். 17 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் மணி 11.30 ஆனதும், மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, நான் எழுந்து தேநீர் ஊற்றத் தொடங்கப்போகிறேன். மஞ்சள் பையை மறக்காமல் கொண்டுவரும்படி அந்த நண்பரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.