சாவி வைத்திருந்தவரின் மகன் சொல்கிறேன்

காரைக்குடிப் பக்கம் வந்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டுப் படத்தைத்தான் போடுகிறார்கள். பர்மா தேக்குத் தூண், வளவில் (நடுமுற்றத்தில்) விழுகிற வெயில், கீழே "இதைக் காப்பாற்ற ஆளே இல்லையா?" என்று ஒரு வரி. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் அப்பா கானாடுகாத்தான் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு இருபது வருடம் சாவி வைத்திருந்தவர். சொந்தக்காரர் இல்லை, வாரம் இரண்டு நாள் திறந்து, வௌவால் எச்சத்தைக் கழுவி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டுகிற ஆள்.

அக்கறை இல்லாமல் அந்த வீடுகள் விழவில்லை, பங்கால் விழுகின்றன. கட்டியவர் ஒருவர், நாலு தலைமுறையில் முப்பது நாற்பது பங்கு, ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், எல்லோரும் ஒன்றாக வருவது முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான். ஓடு மாற்றக் காசு கேட்டால் ஆளுக்கொரு பதில், ஆனால் பிரித்து விற்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றால் எல்லோர் கையெழுத்தும் வந்துவிடும். அப்புறம் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அங்கே ஒருநாள் அப்பா எண்ணெய் போட்ட அதே நிலைக்கதவைப் பார்த்தேன். கஜலட்சுமியில் இடதுபக்க யானைக்குத் தும்பிக்கை உடைந்திருக்கும், துடைக்கும்போது துணி அதில் மாட்டிக்கொள்ளும், அப்பா திட்டுவார். விலை கேட்கவில்லை.

இன்னொன்று. அந்த வீடுகளைக் கட்டிய காசு இந்தச் செம்மண்ணில் விளைந்ததே இல்லை. பெரும்பாலும் செட்டியார்கள் கடல் தாண்டிக் கொண்டுவிக்க (வட்டித்தொழில் செய்ய) போன இடத்தில், பர்மாவின் ஐராவதி டெல்டா நெல்வயலில், வட்டியாக வந்தது. (அங்கே கடனில் நிலத்தை விட்ட பர்மா விவசாயியைப் பற்றி யாரும் படத்துக்குக் கீழே எழுதுவதில்லை.) 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள் என்றால் நம்ம ஊர் எதைப் பிடித்து நின்றது என்று தெரிந்துவிடும். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், அறுபதுகளில் அந்த நாட்டு அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது, சரி, கதை முடிந்தது. வரும்படி நின்ற பிறகு சுவர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

ஆனால் அழகப்பச் செட்டியார் தன் காசில் காரைக்குடியில் கல்லூரி கட்டினார், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். இன்றைக்குக் காரைக்குடியில் மெஸ் ஓடுகிறது, ஜெராக்ஸ் கடை ஓடுகிறது, மாடி அறைக்கு வாடகை வருகிறது என்றால் அதில் பெரும்பங்கு அங்கே படிக்க வருகிற பிள்ளைகளால். அப்படிப் பிள்ளைகள் வராத எங்கள் ஊரில் ஆறு மணிக்கு மேல் டீக்கடையே கிடையாது.

வீட்டை ஹோட்டலாக்குவதை நான் குறை சொல்லவில்லை, தூணைப் பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பாரம்பரியம் என்று காசு ஒதுக்குகிறவர்கள் ஒரு தடவை தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்குப் போய் நிற்க வேண்டும். கல் செய்கிறவர் கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கரண்டியால் காவியும் பச்சையும் ஊற்றுவார், அச்சைத் தூக்குவார், கோடு கலையாது. மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, கடைசியில் கண்ணாடியை எடுத்தால் முகம் தெரிகிற பளபளப்பு. இந்த மண்ணில் இன்றைக்கும் நடக்கிற வேலை அது. அந்தக் கைக்கு நாள்கூலி என்ன, அவர் மகன் இதைக் கற்றுக்கொள்கிறானா என்று கேட்டுவிட்டு அப்புறம் தூணைப் படம் எடுக்கட்டும்.

அப்பா சாவி வைத்திருந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கருவேல முள். சாவியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி, நல்ல இரும்பு. எடைக்குப் போட்டாலாவது ஏதாவது வரும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அப்பா காதில் வாங்குவதில்லை.