பாலிடெக்னிக் படிப்பு ஏறாதவர்களுக்காகக் கட்டியது இல்லை

ஒரு பாலிடெக்னிக் கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி பகிரப் போவதில்லை. மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தே சொல்கிறார்: "படிப்பு ஏறாதவங்களுக்கும் ஒரு வழி வேணுமில்லையா, அதுக்குத்தான் பாலிடெக்னிக்." அதற்குக் கைதட்டல் வேறு. முன்வரிசையில் இருந்த ஆசிரியர்களும் தட்டினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் படித்த கல்லூரி அது.

ஐயா, சின்ன ஊர்களில் பாலிடெக்னிக் வந்தது படிப்பு ஏறாதவர்களுக்காக இல்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களைக் கையில் எடுத்த காலம் அது. இன்ஜினியருக்கும் தொழிலாளிக்கும் நடுவே, டிராயிங்கையும் படிக்கத் தெரிந்து மெஷினிலும் கை வைக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். 1957-ல் நம் மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனி இயக்ககமே வந்தது. அதே வருடம் பொள்ளாச்சியில் தொழிலதிபர் நா. மகாலிங்கம் நாச்சிமுத்து பாலிடெக்னிக்கைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தவர் ஜி.டி. நாயுடு. நாலு வருட இன்ஜினியரிங் படிப்பில் காலம் வீணாகிறது, இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாதாடியவர். அவர் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை. அவரும் படிப்பு ஏறாதவர்தானா?

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப். கையில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம். வைஸ் என்கிற பிடிப்பானில் இறுக்கி ராவ வேண்டும். ராவி முடித்ததும் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் துண்டின் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் துண்டு திரும்பி வந்துவிடும். திட்டமாட்டார், "இன்னும் ராவு தம்பி" என்பார், அவ்வளவுதான். உள்ளங்கை கொப்புளித்துப்போகும். படிப்பு ஏறாதவன் செய்கிற வேலையா அது?

"மார்க் குறைஞ்சவங்கதானே சேர்றாங்க" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். என் பெஞ்சில் இருந்தவன் பத்தாவதில் பள்ளியிலேயே இரண்டாம் இடம். பதினெட்டு வயதில் சம்பளம் கொண்டுவந்தாக வேண்டிய வீடு அவனுடையது. பத்தாவது முடித்து மூன்றே வருடத்தில் கையில் டிப்ளமோ. அந்தக் கணக்கு புரிந்துதான் வந்தான். மார்க் குறைந்தவர்களும் வந்தார்கள், ஆமாம். அதே இன்ஜினியரிங் டிராயிங், அதே அப்ளைடு மெக்கானிக்ஸைப் படித்துத்தான் பாஸ் ஆனார்கள்.

"இப்போ சீட்டே நிரம்பறதில்லையே?" நிரம்புவதில்லைதான். மேடை போட்டு மட்டம் தட்டினால் எந்த அப்பா பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் பி.இ. சேர்ந்தவன் நான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பாலிடெக்னிக் பேச்சையே எடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பி.இ. மட்டும் அச்சானது. டிப்ளமோவையும் போடச் சொன்னேன். "எதுக்குப்பா அதெல்லாம்?" என்றார் சித்தப்பா. எனக்குச் சோறு போடுகிற வேலையை நான் கற்றது அங்கேதான். பி.இ.யில் என் கையில் யாரும் அரத்தைக் கொடுக்கவில்லை.

ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர், பொதுப்பணித் துறையில் வரைதொழில் அலுவலர் என்று டிப்ளமோவை வைத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். எங்கள் செட்டிலேயே ஒருவன் துணைமின் நிலையத்தில் இருக்கிறான். புயல் அடித்த ராத்திரி நாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தபோது அவன் டியூட்டியில் இருந்தான். கல்லூரிக்காரர்களுக்கு அவன் நம்பர் தெரியும், நன்கொடை கேட்டு வருடாவருடம் கூப்பிடுகிறார்கள். மேடைக்கு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவனைக் கூப்பிடுங்கள் சார். சால்வைக்கு நான் பணம் தருகிறேன்.