ஜீப்புக்குக் காற்று சரி, ஆர்சி வண்டிக்கு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தேரிக்காட்டுச் செம்மணலில் ஆர்சி வண்டி, அதாவது ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார், ஓட்டிக்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் வந்து டயரை அமுக்கிப் பார்ப்பார். "என்னண்ணே, காத்தே இல்ல?" என்பார். "உள்ள காத்து கிடையாது, ஃபோம்தான்" என்று சொன்னதும் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியின் டயருக்குள் தலையணைச் சாமானா என்று.

எனக்கும் அந்த ஏமாற்றம் இருந்தது. போன கோடையில் எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் நான்கு சக்கரங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "காத்தடிச்சாதான தம்பி டயரு? இல்லாட்டி அது வெறும் ரப்பரு" என்றார் அவர். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வெந்நீரில் கொதிக்கவிட்டு, ரிம்மோடு ஒட்டியிருந்த டயரை உரித்தோம். ஃபோமை எடுத்துவிட்டு ஃபெவிக்விக் வைத்து மறுபடி ஒட்டினோம். ரிம்மில் இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளையும் அடைத்தார் அண்ணாச்சி. ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசியை டயரின் பக்கவாட்டில் குத்தி ஏற்றி, உருவிய கையோடு அந்த இடத்தில் ஒரு சொட்டு பசை. தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் விளிம்பைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. மூன்று தடவை ஒட்டிய பிறகுதான் நின்றது. காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்தோம். முள் அசையவே இல்லை.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னுடையது 1:10 கிராலர், அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில், மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கும் ரகம்; மூன்று கிலோ கூட வராது. ஒரு சக்கரத்துக்கு முக்கால் கிலோ பாரம். டயர் தரையைத் தொடும் இடம் ஆறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பாரம் தாங்க இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடத் தேவையில்லை. உருவத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு நூறில் ஒன்றாகும், எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். அப்படியானால் டயருக்கு வேண்டிய அழுத்தமும் பத்தில் ஒன்றுதான். ஜீப்புக்கு முப்பது பிஎஸ்ஐ வைப்பதும், மணலில் இறங்கும்போது அதைப் பாதியாகக் குறைப்பதும் சரி. நம் பொம்மைக்கு அந்த ரப்பர் சுவரின் விறைப்பே பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது.

இதில் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரைக் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் நான்கும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. அடைபட்ட காற்று முப்பது டிகிரியிலிருந்து அறுபதுக்குப் போனால் மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றே 14.7 பிஎஸ்ஐ அழுத்துவதால், இரண்டு பிஎஸ்ஐ வைத்த டயரில் இன்னும் ஒன்றரைக்கு மேல் கூடும். அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஜீப்பில் இதே ஏற்றம் நாலரை பிஎஸ்ஐ, முப்பதோடு பார்த்தால் பெரிய விஷயமில்லை. நமக்கோ காலையில் ஒரு டயர், மத்தியானம் வேறொரு டயர்.

அப்படியே மணலில் இறக்கினேன். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட, அந்தச் செம்மண்ணில் கத்தி மாதிரி இறங்கிவிட்டது. ஒரு பனை வேரிலிருந்து இறங்கியபோது ரப்பர் பந்து போல இரண்டு முறை எகிறி மல்லாந்து விழுந்தது. அப்புறம் உடைமுள். எங்கள் பக்கத்து உடை மரத்தின் வெள்ளை முள்ளைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்தாவது நிமிஷம் பின் சக்கரம் சப்பை.

காற்று டயர் எகிறுவது ஒன்றும் புதுச் செய்தியில்லை. டாமியா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஆர்சி வண்டிகளான சாண்ட் ஸ்கார்ச்சர் 1979-லும் கிராஸ்ஹாப்பர் 1984-லும் ஃபோம் இல்லாத வெற்று டயரோடுதான் வந்தன. 1987-இல் வந்த கிளாட் பஸ்டரும் அப்படியே. அந்தத் துள்ளல்தான் அவற்றின் அழகு என்று ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரசிக்கட்டும். ஆனால் அடைபட்ட காற்று நல்ல ஸ்பிரிங் மட்டுமே. வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தரும், விழுங்கத் தெரியாது. ஃபோம் அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்று நுண்ணிய துளைகள் வழியாகத் திணறி வெளியேறுகிறது. அடியின் பலம் அங்கேயே செத்துவிடுகிறது. அதற்காகத்தான் ரிம்மில் ஓட்டை. அதை அடைத்து வைத்துவிட்டு "ஃபோம் போட்டும் எகிறுதே" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தண்ணீரில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஓட்டையால் தொல்லை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். குளத்தங்கரையில் ஓட்டிவிட்டு வந்தால் திறந்த துளை ஃபோம் (துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்த ஸ்பாஞ்சு ரகம்) இட்லித் துணி மாதிரி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், வண்டி தடதடவென்று ஆடும், நாளடைவில் ஃபோமும் நைந்து பொடியும். அதற்கு வழி, ரிம் ஓட்டையை டேப் போட்டு மூடிவிட்டு, ஓட்டையை டயர் தரையைத் தொடும் பக்கத்தின் நடுவில் போடுவது. சக்கரம் சுழலும் வேகத்தில் தண்ணீர் தானாகத் தெறித்து வெளியேறும். துளைகள் தனித்தனியாக அடைபட்ட மூடிய துளை ஃபோம் தண்ணீரே குடிக்காது. பந்தயக்காரர்கள் அதைத்தான் போடுகிறார்கள்.

கிராலருக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டையும் சேர்த்து. உள்வளையம் கெட்டியான மூடிய துளை ஃபோம், வெளிவளையம் மெத்தென்ற திறந்த துளை ஃபோம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டயர் விலைக்கே வந்து நிற்கும். நான் உள்ளே பழைய யோகா மேட்டைச் சுற்றினேன். வெளியே போட மெத்தைக் கடையில் வெட்டுத் துண்டு கேட்டேன். கடைக்காரர், "கட்டிலு என்ன சைஸு?" என்றார். "நாலரை இஞ்ச்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பை நிறைய சும்மாவே கொடுத்தார். மணலுக்குப் போகும் நாளில் வெளிவளையத்தில் கத்தரியால் முக்கோணமாக நாலைந்து இடத்தில் நறுக்கியதைப் போட்டுக்கொள்வேன். ஜீப்காரர்கள் காற்று இறக்குவது போலத்தான் இதுவும்.

வேக வண்டிக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினால் டயர் விரிந்து தட்டு மாதிரி ஆகிவிடும். அதைக் காற்றும் தடுக்காது, ஃபோமும் தடுக்காது. ரப்பருக்குள் சுற்றிலும் விரியாத நாடா போல பெல்ட் வைத்த டயர்தான் வேண்டும்.

அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "டியூப் போட்டிருந்தா நின்னுருக்கும் தம்பி" என்று, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிப் பார்ப்பதற்காக என் முன் சக்கரம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு வாரமாகிறது. வண்டி மூன்று சக்கரத்தோடு அலமாரியில் நிற்கிறது.